'பிசினஸ்' என்றால் வியாபாரம்தானா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். 'பிசினஸ்' என்றால் வியாபாரம் என்றுதான் பள்ளியில் படித்தேன். அப்படியிருக்க, 'நன் ஆஃப் யுவர் பிசினஸ்' என்று ஒருவர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும்போது அதில் வியாபாரம் எங்கே வந்தது? ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'எனி அதர் பிசினஸ்' என்று போட்டிருந்தார்கள். அங்கே யாரும் எதையும் விற்கவில்லையே? 'ஐ ஆம் டூயிங் பிசினஸ்' என்று சொன்னால் சரியா, 'எ பிசினஸ்' என்று முன்னால் 'எ' போடலாமா? பார்த்தால் நாலு கேள்வி மாதிரி இருக்கிறது. அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தச் சொல்லின் நடுப்பொருள் எது, வியாபாரமா, வேறு ஏதாவதா? வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் எழுதும் கடிதங்களைத் திருத்திக்கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதில் பார்த்ததையும் அகராதிகள் இந்தச் சொல்லின் வரலாறாகப் பதிந்து வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நடுப்பொருள் வியாபாரம் இல்லை. ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக் கவனிக்கிற வேலை, அவர் தலையிட உரிமையுள்ள காரியம், அதுதான் அடிமரம். வியாபாரம் அதிலிருந்து பிற்காலத்தில் விட்ட கிளை. இன்றைக்கு மரத்தையே மறைக்கிற அளவுக்குப் பெருத்துவிட்டது, அவ்வளவுதான். 'பிசினஸ்' வருகிற வாக்கியத்தில் வியாபாரம் என்று வைத்துப் பார்த்துப் பொருள் ஒட்டவில்லை என்றால், 'வேலை' என்று வைத்துப் பாருங்கள். நம்முடைய 'வேலை' ஏறக்குறைய இதே சுற்றைத்தான் சுற்றுகிறது. 'உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ' என்பதுதான் 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்'. 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று வாசலில் நிறுத்திக் கேட்கிறோமே, அது 'வாட் பிசினஸ் டூ யூ ஹேவ் ஹியர்?'. 'அவனுக்கு அவன் வேலை தெரியும்' என்பது 'ஹி நோஸ் ஹிஸ் பிசினஸ்'. 'வேலையைக் காட்டிவிட்டான்' என்று சொல்கிற திருட்டுத்தனத்துக்குக்கூட அங்கே ஜோடி உண்டு: 'ஃபன்னி பிசினஸ்', 'மங்க்கி பிசினஸ்'. பேச்சில் 'சோலி' என்று சொல்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். 'உன் சோலியைப் பார்' என்பதில் சம்பள வேலையும் இல்லை, வியாபாரமும் இல்லை. உனக்கென்று இருக்கிற காரியம் மட்டும்தான். 'நன் ஆஃப் யுவர் பிசினஸ்' சொல்வதும் அதைத்தான்: இது உன் சோலி இல்லை.

கூட்டத்தில் பார்த்த 'எனி அதர் பிசினஸ்' கதையும் இதுவே. பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒவ்வொன்றும் அந்தக் கூட்டத்தின் 'பிசினஸ்'. பட்டியலில் வராத விஷயம் யாருக்காவது இருந்தால் கடைசியில் எழுப்பலாம் என்பதற்காக அந்த ஒரு வரி. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளை மட்டும் சேர்த்து 'ஏ ஓ பி' என்றும் எழுதுவார்கள். சட்டமன்றச் செய்திகளில் 'அலுவல் ஆய்வுக் குழு' என்று படித்திருப்பீர்கள். அவை எந்த நாளில் எதை எடுத்துக்கொள்வது, எதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிற குழு. அதன் ஆங்கிலப் பெயர் 'பிசினஸ் அட்வைசரி கமிட்டி'. வியாபார ஆலோசனைக் குழு என்று வைக்காமல் 'அலுவல்' என்று வைத்தவருக்கு இந்தச் சொல்லின் அடி நன்றாகவே பிடிபட்டிருக்கிறது.

இனி வரலாறு. இதில் ஒரு பகுதி உறுதி, ஒரு பகுதி அப்படியல்ல. சொல்லின் கட்டுமானம் உறுதி: 'பிசி' என்ற பெயரடையோடு 'நெஸ்' என்ற விகுதி சேர்ந்தது. 'கைண்ட்' என்பதிலிருந்து 'கைண்ட்னெஸ்' வந்த அதே வழி. பழைய ஆங்கிலத்தில் 'பிசி'யின் மூலச் சொல்லுக்கு ஓயாமல் வேலையில் இருக்கிற என்பதோடு அக்கறையுள்ள, கவலையுள்ள என்ற பொருளும் உண்டு. வடக்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கில் 'பிசினஸ்' என்பதன் மூதாதைச் சொல் தென்படும்போது அதற்குக் கவலை, கரிசனம் என்றே பொருள். 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டு பொருள் சேர்ந்து நடக்கின்றன: வேலையில் மூழ்கிக் கிடக்கிற நிலை ஒன்று, பிழைப்புக்காகச் செய்கிற வேலை இன்னொன்று. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்ற பொருளில் 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்' 1620-களில் கிடைக்கிறது. கொடுக்கல் வாங்கல், வணிகம் என்று மொத்தமாகக் குறிக்கிற பொருளுக்கு அகராதிகள் காட்டும் முதல் சான்று 1727. அதாவது உங்களைக் குழப்பிய 'நன் ஆஃப் யுவர் பிசினஸ்' தொடருக்கு உறவான இந்தத் தொடர், வியாபாரம் என்ற பொருளைவிடச் சுமார் நூறு ஆண்டு மூத்தது. வியாபாரம் அதில் நுழையவே வாய்ப்பில்லை.

ஆண்டுகளை மட்டும் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1727 என்றால் எழுத்தில் இதுவரை பிடிபட்ட மிகப் பழைய இடம் என்று பொருள். மக்கள் வாயில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். நாளைக்கே யாராவது பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் புரட்டி இன்னும் முந்தைய சான்றை எடுக்கலாம். கவலை, வேலை, சொந்தக் காரியம், அப்புறம் வணிகம் என்ற வரிசைதான் நம்பத் தகுந்தது.

பழைய பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 1611-இல் வந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பு நல்ல இடம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனத்தில் 'நாட் ஸ்லாத்ஃபுல் இன் பிசினஸ்' என்று வருகிறது. இதை இன்றைய ஆங்கிலமாக நினைத்துப் படித்தால் 'வியாபாரத்தில் சோம்பேறியாக இராதே' என்று ஆகிவிடும். தமிழ் பைபிளில் அதே இடம் 'அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்' என்று இருக்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஊக்கம், முனைப்பு என்று பொருள். 1611-இல் 'பிசினஸ்' அந்த முனைப்பைத் தாங்குகிற சொல்லாக இருந்தது. லூக்கா 2:49-இல் பன்னிரண்டு வயது இயேசு 'மை ஃபாதர்ஸ் பிசினஸ்' என்கிறார். தமிழில் அது 'என் பிதாவுக்கடுத்தவைகளில்'. நான் வகுப்பில் இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுவேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். 'வியாபாரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் அதற்குச் செயல், ஈடுபாடு, தொழிற்பாடு என்பதுதான் முதன்மையான பொருள். இன்றைய தமிழில் அது விற்பது வாங்குவது என்று குறுகி நிற்கிறது. 'தொழில்' இன்னும் நல்ல உதாரணம். இலக்கண வகுப்பில் 'தொழிற்பெயர்' படித்தோமே, நடத்தல், ஓடுதல் என்று. அங்கே தொழில் என்றால் வெறும் செயல். அதே சொல் இன்று 'சொந்தமாகத் தொழில் செய்கிறார்' என்று சம்பாத்தியத்துக்கு வந்து நிற்கிறது. லத்தீனில் வணிகத்துக்கான 'நெகோட்டியும்' என்ற சொல்லைப் பிரித்தால் 'ஓய்வு இல்லாமை' என்று வரும். பேரம் பேசுவதைக் குறிக்கிற 'நெகோஷியேட்' அதன் வாரிசு. மனிதன் ஓய்வில்லாமல் எதில் மூழ்கிக் கிடக்கிறானோ அதற்கு வைத்த பெயர் கடைசியில் பணத்தில் போய் முடிவது பல மொழிகளில் நடந்திருக்கிறது.

இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொண்ட பிரபலமான இடம் ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜ் 1925 ஜனவரியில் பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசும்போது 'த சீஃப் பிசினஸ் ஆஃப் தி அமெரிக்கன் பீப்பிள் இஸ் பிசினஸ்' என்றார். முதல் 'பிசினஸ்' கவனிக்கிற காரியம், இரண்டாவது வணிகம். அமெரிக்க மக்களின் முதல் காரியம் வணிகம்தான் என்று பொருள். பிறகு அது வாய்க்கு வாய் மாறி 'த பிசினஸ் ஆஃப் அமெரிக்கா இஸ் பிசினஸ்' என்று சுருங்கிவிட்டது. அதே உரையில் அமெரிக்க மக்களின் முதன்மையான இலட்சியம் இலட்சியவாதமே என்றும் அவர் சொன்னார். அந்தப் பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பாவம் மனிதர்.

உறுதியில்லாதவற்றில் சுவையானது 'பிட்ஜின்' கதை. இரண்டு மொழிக்காரர்கள் சந்தித்துக் காரியத்தை முடிப்பதற்காக உண்டாக்கிக்கொள்கிற எளிய கலப்பு மொழிக்கு மொழியியலில் 'பிட்ஜின்' என்று பெயர். சீனத் துறைமுகங்களில் 'பிசினஸ்' என்ற சொல் உள்ளூர் நாக்கில் அப்படித் திரிந்ததுதான் இந்தப் பெயர் என்பது பெரும்பாலான அகராதிகள் ஏற்கிற விளக்கம். வேறு மூலம் சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், ஆகவே முடிந்த வழக்கு என்று எழுதிவிட முடியாது. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'நாட் மை பிஜன்' என்றால் 'அது என் பொறுப்பில்லை' என்று பொருள். எழுத்துக்கூட்டில் புறா என்று எழுதினாலும் அங்கே புறா எதுவும் இல்லை. கலப்பு மொழியில் 'பிசினஸ்' என்ற பொருளில் வழங்கிய அந்தச் சொல்தான் புறா வேஷம் போட்டு வந்திருக்கிறது. வணிகத்துக்காகப் போன சொல் மறுபடி 'சோலி' என்ற பொருளோடு வீடு திரும்பியிருக்கிறது பாருங்கள். இன்னொரு சில்லறைத் தகவல்: ஃபெரட் என்ற சிறிய வேட்டைப் பிராணிகளின் கூட்டத்துக்கு 'எ பிசினஸ் ஆஃப் ஃபெரட்ஸ்' என்று பெயர் என வினாடி வினாக்களில் கேட்பார்கள். 1486-இல் அச்சான ஒரு நூலின் பட்டியலில் அது இருப்பது உண்மை. அங்கேயும் பொருள் ஓயாத பரபரப்புதான். நடைமுறையில் அப்படிச் சொல்லி யாரும் கூப்பிட்டதாகத் தெரியாததால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, உங்கள் கைக்கு வேண்டியது இலக்கணம். வணிகம், வேலை, காரியம் என்று பொதுவாகச் சொல்லும்போது 'பிசினஸ்' எண்ணிக்கைக்கு அடங்காத சொல். 'எ'யும் வராது, பன்மையும் வராது. 'பிசினஸ் இஸ் ஸ்லோ', 'வி ஹேவ் சம் பிசினஸ் டு டிஸ்கஸ்'. ஒரு குறிப்பிட்ட நிறுவனம், கடை, அலுவலகம் என்று தனியாகச் சுட்டிக்காட்டக்கூடிய ஒன்றைச் சொல்லும்போது அது எண்ணிக்கைக்கு அடங்கும். 'ஷி ரன்ஸ் எ பிசினஸ்', 'ஹி ஓன்ஸ் டூ பிசினஸஸ்', 'ஸ்மால் பிசினஸஸ்'. ஆகவே உங்கள் 'எ பிசினஸ்' சரியா என்ற கேள்விக்குப் பதில், நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிழை அதிகமாக விழுகிற இடம் கடிதத்தின் கடைசி வரி. என்னிடம் திருத்த வருகிற மின்னஞ்சல்களில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு டூ மெனி பிசினஸஸ் வித் யூ' என்ற வகை வரியை அடிக்கடி பார்க்கிறேன். எழுதியவர் நினைத்தது, உங்களோடு இன்னும் நிறைய வணிகம் செய்ய ஆவலாக இருக்கிறோம் என்று. படிப்பவருக்குக் கேட்பது, உங்களோடு சேர்ந்து பல கம்பெனிகளை ஏதோ செய்யப்போகிறோம் என்பது போல. திருத்தினால் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு டூயிங் மோர் பிசினஸ் வித் யூ'. இரண்டு மாற்றம்தான்: 'பிசினஸஸ்' என்ற பன்மை போய்விட்டது, அதனால் 'மெனி'யும் 'மோர்' ஆகிவிட்டது, 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' பின்னால் 'டூ' என்று நிற்காமல் 'டூயிங்' ஆகியிருக்கிறது. 'மெனி பிசினஸஸ்' என்றாலே பல நிறுவனங்கள். நிறைய வணிகம் என்றால் 'எ லாட் ஆஃப் பிசினஸ்'.

'ஐ ஆம் டூயிங் பிசினஸ்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலக்கணப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் 'டூயிங் பிசினஸ்' என்பது பெரும்பாலும் யாரோடு, எங்கே என்ற ஒரு வாலை எதிர்பார்க்கிறது. 'வி டூ பிசினஸ் வித் தெம்', 'டூயிங் பிசினஸ் ஓவர்சீஸ்' என்று. 'என்ன செய்கிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பதிலாக அதை மட்டும் சொன்னால், பாதியில் நிறுத்திய மாதிரி கேட்பவருக்குத் தோன்றும். அதனால்தான் உடனே 'வாட் கைண்ட் ஆஃப் பிசினஸ்?' என்று அடுத்த கேள்வி வருகிறது. 'ஐ ரன் எ ஸ்மால் பிரின்ட்டிங் பிசினஸ்', 'ஐ ஹேவ் மை ஓன் பிசினஸ்' என்று சொல்லிப் பாருங்கள், அந்த இடைவெளி இருக்காது. நம்மவர்கள் 'சொந்தத் தொழில்' என்ற பொருளில் 'டூயிங் பிசினஸ்' என்று சொல்வது இவ்வளவு பரவிவிட்ட பிறகு அதைப் பிழை என்று அடிப்பதா, வட்டார வழக்கு என்று விடுவதா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. புரிந்துகொள்கிறவர்களிடம் பேசும்போது நான் திருத்துவதில்லை. வெளியாருக்குப் போகிற எழுத்தில் திருத்துவேன்.

இதில் முன்னிடைச் சொற்கள் செய்கிற வித்தை தனி. 'இன் த ஹோட்டல் பிசினஸ்' என்றால் அந்தத் துறையில் இருக்கிறார். முதலாளியாகவும் இருக்கலாம், வரவேற்பு மேசையில் உட்காருபவராகவும் இருக்கலாம். 'ஆன் பிசினஸ்' வெளியூர் போயிருக்கிறார் என்றால் வேலை நிமித்தமாக, சுற்றிப் பார்க்க இல்லை. சம்பளக்காரருக்கும் இது பொருந்தும். விமான நிலையத்தில் 'பிசினஸ் ஆர் பிளஷர்?' என்று கேட்டால், சொந்தக் கம்பெனி இல்லாத நான் என்ன சொல்வது என்று தயங்குபவர்கள் உண்டு. அலுவலகம் அனுப்பி வந்திருந்தால் தாராளமாக 'பிசினஸ்' என்று சொல்லலாம். 'அவுட் ஆஃப் பிசினஸ்' என்பதில் ஜாக்கிரதை தேவை. இன்றைக்குக் கடை மூடியிருக்கிறது என்ற பொருளில் அதைச் சொல்லிவிடாதீர்கள். ஒரேயடியாக மூடிவிட்டார்கள் என்று ஆகிவிடும். மணிக்கணக்காக மக்கர் செய்த பிரின்டர் கடைசியில் ஓடத் தொடங்கியதும் 'வி ஆர் இன் பிசினஸ்!' என்று ஒருவர் கத்தினால், அவர் எதையும் விற்கப்போவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, ஆரம்பிக்கலாம் என்கிறார்.

வணிகக் கிளைக்குள்ளேயும் 'வியாபாரம்' முழுதாகப் பொருந்துவதில்லை. பல் மருத்துவர் ஒருவர் சொந்தமாக கிளினிக் நடத்தினால் ஆங்கிலத்தில் அது 'பிசினஸ்'தான், கணக்குத் தணிக்கை அலுவலகமும் 'பிசினஸ்'தான். தமிழில் 'பல் வியாபாரம் செய்கிறார்' என்றால் சண்டைக்கு வருவார். அங்கே 'தொழில்' சரியாக உட்காருகிறது. விற்பது வாங்குவதை மட்டும் சொல்கிற 'வியாபார'த்துக்கு ஆங்கிலத்தில் நெருக்கமான சொல் 'டிரேட்'. 'கம்பெனி' என்பது பொதுவாகச் சட்டப்படி பதிவான அமைப்பு. தனியாள் பதிவு எதுவும் இல்லாமல் நடத்துவது 'பிசினஸ்' ஆகும், 'கம்பெனி' ஆகாது. 'இண்டஸ்ட்ரி' ஒரு துறை முழுவதையும் சேர்த்துச் சொல்வது. பேச்சில் இந்த எல்லைகளை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே பார்ப்பதில்லை. ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் பாருங்கள்.

'எ' பற்றி மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒரு வாக்கியத்தைக் காட்டி என்னைப் பிடிப்பீர்கள். 'மூவிங் ஹவுஸ் இஸ் எ டயர்சம் பிசினஸ்' என்றால் வீடு மாற்றுவது அலுப்புப் பிடித்த வேலை. 'எ நாஸ்டி பிசினஸ்', 'எ சேட் பிசினஸ்' என்றால் அசிங்கமான விவகாரம், வருத்தமான விஷயம். இங்கே 'எ' வருகிறது, ஆனால் நிறுவனம் இல்லை. இந்தப் பொருளில் பன்மையும் கிடையாது. 'திஸ் ஹோல் பாஸ்வேர்ட் பிசினஸ்' என்று ஒருவர் சொன்னால், இந்தப் பாஸ்வேர்ட் சமாச்சாரமே எரிச்சல் என்று அர்த்தம். 'சமாச்சாரம்' இங்கே அச்சாக உட்காருகிறது. நாய் 'டிட் இட்ஸ் பிசினஸ்' என்றால் மலசலம் கழித்தது. அதையும் நாம் 'காரியம்' என்ற தொனியிலேயே நாசூக்காகச் சொல்கிறோம். நாடகத்தில் வசனம் இல்லாத நேரத்தில் நடிகர் கண்ணாடியைத் துடைப்பது, கடிதத்தைப் பிரிப்பது போன்ற சின்னச் செய்கைகளுக்கும் 'பிசினஸ்' என்றே பெயர். கத்தியின் 'பிசினஸ் எண்ட்' என்றால் வேலை செய்கிற முனை, அதாவது வெட்டுகிற பக்கம். 'ஷி மீன்ஸ் பிசினஸ்' என்றால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, செய்தே தீருவாள். 'லைக் நோபடீஸ் பிசினஸ்' மட்டும் தர்க்கத்துக்கு அடங்காதது: 'அது வலிக்கிறது லைக் நோபடீஸ் பிசினஸ்' என்றால் கன்னாபின்னாவென்று வலிக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த இடத்தில் எந்தத் தொடர் காரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்' ஏறக்குறைய சண்டைக்கான அழைப்பு. 'தட்ஸ் நன் ஆஃப் யுவர் பிசினஸ்' அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நண்பர்களுக்குள் சிரித்துக்கொண்டு சொன்னால் தப்பிக்கலாம், அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் தப்பிக்க முடியாது. அதையே தன் பக்கம் திருப்பினால் பணிவு ஆகிவிடும்: 'இட்ஸ் நன் ஆஃப் மை பிசினஸ், பட்...' என்று தொடங்கினால், எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன் என்று பொருள். 'ஐ மேட் இட் மை பிசினஸ் டு ஃபைண்ட் அவுட்' என்பது பாராட்டத்தக்க வாக்கியம்: யாரும் சொல்லாமலே நானே பொறுப்பெடுத்து விசாரித்தேன். 'யூ ஹேவ் நோ பிசினஸ் பீயிங் ஹியர்' என்றால் உனக்கு இங்கே இருக்க உரிமையே இல்லை. வியாபாரி ஒருவரிடம் இதைச் சொல்லி, 'எனக்கு வியாபாரம் நன்றாகத்தானே நடக்கிறது' என்று அவர் பதில் சொல்வதாகப் பழைய நகைச்சுவை பாணி ஒன்று உண்டு; அந்தக் குழப்பத்தில் மாட்டாமல் இருந்தால் போதும்.

இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டி வரும்போது 'பிசினஸ்' பன்மை ஏற்காது: 'பிசினஸ் பிளான்', 'பிசினஸ் கார்ட்ஸ்'. பணம் வர 'த்ரீ பிசினஸ் டேஸ்' ஆகும் என்றால் விடுமுறை நாட்களைக் கழித்து மூன்று வேலை நாட்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை போன் போட்டுக் கத்துவதில் பிரயோஜனம் இல்லை. 'பிசினஸ்லைக்' என்று ஒருவரைச் சொன்னால் காசுக்கு அலைகிறவர் என்று இல்லை. வளவள இல்லாமல் காரியத்தில் குறியாக இருப்பவர் என்று பாராட்டு. சில இடங்களில் 'கொஞ்சம் விறைப்பான ஆள்' என்ற தொனியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உச்சரிப்பு இரண்டே வரியில்: எழுத்தில் மூன்று அசை தெரிந்தாலும் வாயில் இரண்டுதான், 'பிஸ்-னிஸ்', நடுவில் வரும் ஒலி தேனீ ரீங்கரிப்பது போல அதிரும். வேலையாக இருக்கிற நிலையைக் குறிக்க இன்றைய ஆங்கிலத்தில் தனியாக இன்னொரு சொல்லை உண்டாக்கி, 'ஒய்' எழுத்தைப் போட்டு மூன்று அசையாக 'பிசி-னெஸ்' என்கிறார்கள். அது வேறு, இது வேறு. எழுத்துக்கூட்டில் 'யு' இருக்க ஒலியில் 'இ' வருவது, எழுத்துக்கூட்டு ஒரு வட்டாரத்திலிருந்தும் உச்சரிப்பு இன்னொரு வட்டாரத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டதால்.

கடைசியாக, படிவங்களில் 'ஆக்குபேஷன்' என்ற இடத்தில் வெறுமனே 'பிசினஸ்' என்று எழுதலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எழுதினால் தள்ளுபடி ஆகாது, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த இடம் கேட்பது நீங்கள் யார் என்பதை, எந்தத் துறை என்பதை அல்ல. சொந்தமாக நிறுவனம் நடத்தினால் 'பிசினஸ் ஓனர்' என்று எழுதுங்கள். தனியாளாக வேலை எடுத்துச் செய்தால் 'செல்ஃப் எம்ப்ளாய்ட்'. கடை வைத்திருந்தால் 'ஷாப் ஓனர்' என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, படிப்பவருக்கு வேலையும் மிச்சம்.